ஒன்பது கிலோ சைக்கிளும் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் காய்கறி லிஸ்டுதான். நடுவில் எங்கேயாவது சம்பந்தமில்லாமல் பூசணிக்காய் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். (வரும்.) மறதி வேறு இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் என் வீட்டில் என்னை மறக்க விடுவதில்லை. அறுபத்தொரு வயதில், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் மகளுக்கு நான் செய்த காரியம் அது.

நாற்பது வருஷம் திருத்தணி மண்டபங்களில் காய் நறுக்கியவள் நான். கூச்ச சுபாவம். சமையற்கட்டை விட்டுப் பந்திப் பக்கம் தலையைக் காட்டியதில்லை. எத்தனையோ கல்யாணத்துக்குக் காய் நறுக்கியிருக்கிறேன், ஒரு மாப்பிள்ளை முகத்தையும் பார்த்ததில்லை. எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் வலது கை. ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து "நாலே கால்" என்றால், தராசும் நாலே கால்தான் காட்டும். சமையல் மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார், "தராசு பொய் சொல்லும், கன்னிம்மாக்கா கை பொய் சொல்லாது." அந்த ஒரு பேச்சுதான் என்னைக் கெடுத்தது.

என் மகள் தேவகி. புருஷன் சரியில்லை என்று என்னிடமே திரும்பி வந்தவள். வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆகி, பத்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு கே.ஜி.கண்டிகையில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் மேஜைக்கு வந்துவிட வேண்டும். பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது. இரண்டு முறை லேட். கணக்கு வழக்கு பார்க்கிற டாக்டரம்மா கண்டிப்பானவர். "இன்னொரு வாட்டின்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கூட்டர் வாங்கலாம் என்றால் எங்களுடையது மாடிப் போர்ஷன். கீழே வண்டி நிறுத்தக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். ஸ்கூட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏற முடியுமா?

அப்போதுதான் தேவகி ஒரு நாள் கண் விரியச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து சைக்கிள்ல வர்றாங்கம்மா, ஹெல்மெட் போட்டுகினு. கண்டிகை டீக்கடையில நிறுத்துவாங்க. ஒருத்தர் ரெண்டு விரல்ல தூக்கி செவுத்துல சாத்தினாரு. ரோடு பைக்காம். மிதிச்சா காத்து மாதிரி போவுமாம். அந்த மாதிரி ஒண்ணு இருந்தா நானே தூக்கிகினு மாடி ஏறிடுவேன்."

சைக்கிள் எடுக்க லீவு கேட்க அவளுக்குப் பயம். அதனால் போகிற வேலை எனக்கு வந்தது. துணைக்கு என் அக்கா புருஷன். பாவா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் கலாசியாக ஸ்பேனர் பிடித்து ரிட்டையர் ஆகி அரக்கோணத்தில் இருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. (அவரே சொன்னது.)

தேவகி வாசல்படியில் நின்று மூன்று தடவை சொன்னாள். "பத்து கிலோக்குள்ள இருக்கணும். தெனம் ஓட்ற மாதிரி இருக்கணும். வேற எதுவும் வாணாம். கேக்குதாம்மா?"

"ஆங், ஆங்" என்றேன்.

அரக்கோணத்தில் ஒரு சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பளபளவென்று நூறு சைக்கிள், பத்து ஆம்பளைகள். கடைக்காரர் "யாருக்கும்மா சைக்கிள்?" என்றார். நான் பாவாவைப் பார்த்தேன்.

"எங்க பொண்ணுக்குப்பா. ஒயரம் என் தோளுக்கு வரும். தெனம் எட்டு கிலோமீட்டர் போய் வரணும். லேசா, ஒழைக்கிற மாதிரி காட்டு" என்றார் பாவா.

பாவம், அந்த மனிதர் நல்லபடியாகத்தான் சொன்னார். நேர் ஹேண்டில் வைத்த ஒன்றைக் காட்டி, "தெனம் வேலைக்குப் போறவங்களுக்கு இதான் சௌரியம். டயர் கொஞ்சம் அகலம், கல்லு குத்தாது" என்றார். பிரேக் பற்றிச் சொன்னார், கியர் பற்றிச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நான் மெதுவாகப் போய் அந்த சைக்கிளை ஒரு கையால் தூக்கினேன். பன்னிரண்டு. வைத்துவிட்டேன். அடுத்தது, பதினொன்றே கால். வைத்துவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். முக்காடு போட்ட கிழவி ஒருத்தி வரிசையாக சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைப்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஒன்று. கறுப்பு நிறம், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், விரல் தண்டி டயர். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். இரண்டு நல்ல பூசணிக்காய்.

"ஒம்பது" என்றேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொக்கித் தராசில் மாட்டினார். சிரிப்பு நின்றது. "ஒம்பது கிலோ நூறு!"

பாவா மீசையைத் தடவினார். "அந்த நூறு பெல்லுக்குப்பா. பெல்லை அவ கணக்குல சேக்கல."

கடையில் கை தட்டினார்கள். எனக்கு வாழ்க்கையில் யாரும் கை தட்டியதில்லை. தலை கிறுகிறுத்துப் போயிற்று. அந்தக் கிறுக்கில்தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்: 'முருகா, இந்த சைக்கிள் என் பொண்ணு வேலையைக் காப்பாத்தணும். முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் இதை என் தோள்ல சுமந்துகினு உன் மலைக்கு வர்றேன்.'

வரும் வழியில் பாவாவிடம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார். "மலைக்குத்தான் ரோடு கீதே! சைக்கிளை உருட்டிகினு போனா ஆவாதா?"

"வேண்டிக்கினேனே பாவா."

"எப்ப?"

"இப்பதான், கடையில."

"அந்த மனுஷன் பில்லு போடற நேரத்துக்குள்ளயா?"

இரண்டு பூசணிக்காய் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன்.

சைக்கிள் வீட்டுக்கு வந்தபோது ஆடி மாசம். ஆடித் தள்ளுபடியில் எடுத்தது. புது வண்டியை ஆடியில் ஓட்டுவார்களா? "வாங்கறது தப்பில்ல, ஓட்டறதுதான் தப்பு" என்று பாவா தீர்ப்புச் சொன்னார். ஆவணி ஒன்றாம் தேதி காலையில் மலையில் பூஜை போட்டு, அங்கிருந்தே தேவகி வேலைக்குப் போவது என்று முடிவானது. அதுவரைக்கும் மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ள வீட்டுக்கார அம்மா இரக்கப்பட்டு விட்டார். பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில்தான் நான் நாசமாய்ப் போனேன்.

முதலில் பாவா வந்தார். "கேரியர் இல்லாத வண்டி ஒரு வண்டியா? இன்னா கன்னிம்மா, சோத்து மூட்டையைத் தலையில வெச்சுகினு போவாளா?" இரும்புக் கேரியர். அதை மாட்ட இடமே இல்லை என்று மெக்கானிக் சொன்னதற்கு இரண்டு இரும்புப் பட்டை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர், நமக்காக அலைந்தவர். மறுநாள் அக்கா வந்தாள். புருஷன் கொடுத்துவிட்டாரே, தான் கொடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா? முன்னால் ஒரு கம்பிக் கூடை. வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி லேசா இருந்தா திருடன் இடுப்புல வெச்சுகினு போயிடுவான்" என்று ஒரு சங்கிலியும் பூட்டும் கொடுத்தார். அந்தச் சங்கிலியில் முன்பு அவர்கள் வீட்டு எருமையைக் கட்டியிருந்தார்கள். பாவா மறுபடியும் வந்தார். "வழியில நட்டு கழண்டுகினா?" தன் ரயில்வே ஸ்பேனரை ஒரு தோல் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டினார். அது தண்டவாளத்துக்கே போதும்.

மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும்? மழையில் சுடிதாரில் சேறு அடிக்குமே என்று இரண்டு மட்கார்டு போட்டது நான். கீழே விழுந்து கீறல் படுமே என்று டபுள் ஸ்டாண்டு போட்டது நான். கண்ணேறு படாமல் இருக்க, பழைய குதிரை லாடம் ஒன்றைத் தேடிப் பிடித்து முன்னால் கட்டியதும் நான்தான்.

தேவகி தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு நிற்பாள்.

"அம்மா, இதை எதுக்கு வாங்கினோம்?"

"லேசா இருக்கத்தான்."

"இப்ப இது லேசா?"

"சந்தேகமா இருந்தா தூக்கிப் பாரேன்."

"நான் வெயிட் தூக்கக் கூடாதுன்னுதானேம்மா இதை வாங்கினதே!"

ஊரில் எதை எடுத்தாலும் தூக்கிப் பார்க்கிற நான், இதை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. ஸ்டாண்டு போட்டு ராஜா மாதிரி நிற்கிற சைக்கிளை எதற்குத் தூக்க வேண்டும்? ஒன்பது என்று சொல்லியாயிற்று, கை தட்டியாயிற்று. அவ்வளவுதான். இதற்குள் அந்த ஆடியிலேயே ஷேர் ஆட்டோவால் தேவகி மூன்றாவது தடவையும் லேட். சைக்கிள் வாங்கியாயிற்று, ஆவணி ஒன்றாம் தேதியிலிருந்து லேட்டே ஆகாது என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்து அழுதுவிட்டு வந்தாள். "ஒண்ணாம் தேதி ஏழு மணி. அன்னிக்குப் பாக்கறேன்" என்றாராம் அவர்.

ஆவணி ஒன்று. விடிகாலை ஐந்து மணிக்குப் படிக்கட்டு அடிவாரம். நான், பாவா, அக்கா. தேவகி குளித்து, பளிச்சென்று சுடிதார் போட்டு, டிபன் பாக்ஸோடு கீழேயே நின்றாள், வேலைக்குப் போகிறவள் கூட்டத்தில் கசங்க வேண்டாமே என்று. ஆறு மணிக்குள் மேலே போய்விடுவோம். போனில் சேதி சொன்னதும் அவள் மேலே வந்து, பூஜை முடிந்து, மலை ரோட்டில் இறங்கி, ஏழுக்குக் கண்டிகை. பாவா போட்ட திட்டம்.

தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளைத் தூக்கினேன்.

கை உடனே சொல்லிவிட்டது. 'பத்தொன்பது.' நான் நம்பவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக என் கையை நான் நம்பவில்லை.

இருபது படி ஏறுவதற்குள் எருமைச் சங்கிலி காதருகில் ஜலக் ஜலக் என்றது. லாடம் முட்டியில் இடித்தது. பாவா எனக்குப் பின்னால் சக்கரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கையை வைத்துக்கொண்டே வந்தார். "நான் தொடலை, தொடலை. தொட்டா வேண்டுதல் போயிடும். நான் தொடலை." தொட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அக்கா படி எண்ணினாள், பாவாவும் எண்ணினார். இவள் ஐம்பத்தெட்டு என்றால் அவர் அறுபத்தாறு என்றார். நடுப்படியில் நின்று சண்டை. நான் பத்தொன்பது கிலோவோடு தீர்ப்புக்காக நின்றேன்.

அதுகூடப் பரவாயில்லை. மாசம் பிறக்கிற நாள், படி முழுக்க ஜனம். முதலில் ஒரு அம்மா என்னைப் பார்த்து நின்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சைக்கிள் காவடியா பாட்டி?"

"இல்லம்மா, இது வந்து..."

"அரோகரா!"

முன்னால் போன கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அரோகரா!" பின்னால் வந்த கூட்டமும் "அரோகரா!" எனக்கு வழி விட்டார்கள். ஒருத்தர் என் நெற்றியில் விபூதியை அப்பினார், பாதி கண்ணுக்குள் போயிற்று. ஒரு கிழவி பின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. ஒவ்வொருவர் தொடும்போதும் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு ஆள் போனில் வீடியோ எடுத்தார். பந்தியில் தலையைக் காட்டாதவள் நான். ஊரே பார்க்க, கண்ணில் விபூதியோடு, தோளில் மாட்டின சைக்கிளோடு நிற்கிறேன். பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. (படியில் பூமி எங்கே பிளக்கும், அதுவும் இல்லை.)

படி ஓரத்து மண்டபம் ஒன்றின் பக்கம் வந்ததும் முட்டி மடங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். பாவா கணக்கில் நூற்றெண்பது, அக்கா கணக்கில் நூற்று அறுபத்தொன்பது. எப்படிப் பார்த்தாலும் பாதிகூட ஆகவில்லை. மேலே ஏற முடியாது. இறங்கினால் வேண்டுதல் போச்சு. வேண்டுதல் போனால் வேலை போச்சு. அழுகை வந்துவிட்டது. கூடை வேண்டாம் அக்கா, கேரியர் வேண்டாம் பாவா என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது ஊர் நடுவில் அழுதுகொண்டிருக்கிறேன்.

அப்போது தேவகி ஏறி வந்தாள். மூச்சு வாங்குகிறது. "மணி ஆறு அஞ்சும்மா."

அவள் சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ இன்னான்னு வேண்டிக்கினே? சரியா சொல்லு."

"இந்த சைக்கிளைச் சுமந்துகினு..."

"எந்த சைக்கிளை?"

"கடையில பாத்ததை."

"கடையில கூடை இருந்துதா?"

"இல்ல."

"கேரியர்? ஸ்டாண்டு? எருமைச் சங்கிலி?"

"இல்ல."

"அப்ப முருகனுக்குச் சேர வேண்டியது ஒம்போது கிலோதான். மீதியை யார் வெச்சாங்களோ அவங்க சுமக்கட்டும்."

பாவா தலையை ஆட்டினார். "பாயிண்ட்டு" என்றார். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.

கழற்ற எது? சீட்டுக்கு அடியில் ரயில்வே ஸ்பேனர். அதைக் கட்டினவரே அவிழ்த்து, வியர்க்க வியர்க்கக் கழற்றினார். கூடையை அக்கா தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கேரியரும் ஸ்பேனரும் பாவா தோளில் ஏறின. எருமைச் சங்கிலியை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார், வேறு இடம் இல்லை. என் பங்கான ஸ்டாண்டையும் மட்கார்டையும் சுமக்க ஆள் இல்லாமல் மண்டபத்து ஓரமாக வைத்தோம். லாடத்தை மட்டும் நான் மடியில் கட்டிக்கொண்டேன். அது என் குற்றம்.

இப்போது தூக்கினேன். ஒன்பது. பெல்லோடு ஒன்பது நூறு. ஆனால் முட்டிக்கு அது தெரியவில்லை. பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். உச்சிக்குப் போனபோது ஆறே முக்கால் தாண்டிவிட்டது.

இத்தோடு விட்டதா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமே. கார், லாரி என்றால் ஒரு நிமிஷம். இது விரல் தண்டி டயர். உருட்டினால் பழம் நசுங்காமல் துள்ளி ஓடுகிறது. முதல் பழம் ஒரு வேனுக்கு அடியில் போயிற்று. இரண்டாவது படியில் குதித்து இறங்கியது. மூன்றாவதைப் பாவா இரண்டு பக்கமும் செருப்பில்லாத காலால் பிடித்துக்கொண்டார், டயர் அவர் கட்டைவிரல் மேல் ஏறியது. பூஜை போடுகிறவரே பொறுமை இழந்து, "கத்தியால வெட்டி வெச்சிடுங்கம்மா, சாமி கோச்சுக்க மாட்டாரு" என்றார்.

தேவகி சைக்கிளில் ஏறினாள். அதுவரை அதை அவள் ஓட்டிப் பார்த்ததே இல்லை. ஆட்டுக்கொம்பைப் பிடித்துக் குனிந்தாள். மலை ரோட்டில் முதல் வளைவில் துப்பட்டா பறந்தது தெரிந்தது. அப்புறம் பெல் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கிளினிக்கில் அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழு இருபது. அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"தேவகி..." என்றேன்.

அவள் குனிந்து சைக்கிளை ஒரு கையால் தூக்கினாள். மாடிப்படியில் பாதி ஏறி நின்று, திரும்பாமலேயே சொன்னாள். "வண்டி நல்லா போவுதும்மா. லேசாத்தான் கீது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவள் வேலை தேடி அலைந்தபோது ஒவ்வொரு காலையும் அந்த சைக்கிளைப் பார்க்கவே எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

இப்போது அவள் அரக்கோணத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். முன்னைவிடத் தூரம் ஜாஸ்தி. அதே சைக்கிளில்தான் போய் வருகிறாள். கூடை இல்லை, கேரியர் இல்லை, சாப்பாடு முதுகுப் பையில். ஒரு நாளும் லேட் ஆனதில்லை. சைக்கிளை மாடிப்படியில் இறக்கும்போது தினமும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள். "அம்மா, இன்னிக்கு எதுனா வேண்டிக்கினியா?" இல்லை என்று நான் சொல்லும்வரை நகர மாட்டாள். பாவா வீட்டில் புதிதாக மிக்ஸி வாங்கினாலும் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது. "ஏ கன்னிம்மா, இதை எத்தினி படி ஏத்தணும்?"

நான் எழுதியதில் தப்பு இருக்கும். மண்டபத்தில் உட்கார்ந்த படி நூற்றெண்பதா, நூற்று அறுபத்தொன்பதா என்று அக்காவும் பாவாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை. கண்டிகை எட்டு கிலோமீட்டர் என்பதும் பாவா சொன்னது, நான் அளந்ததில்லை. யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. அப்படியே இன்னொன்று. எங்கள் தெருப் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நடை மாடிக்கு வாருங்கள். அன்றைக்கு சைக்கிள் வீட்டில் இருக்கும். ஒரு தடவை தூக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்பதுதான் என்று என் கை சொல்கிறது. அதன் பேச்சை நான் இப்போது தனியாக நம்புவதில்லை.